காத்திருப்பின் மணிக்கணக்கு

ஆம்பூரில் சித்தி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் 'லெ மான்' படத்தை முழுவதுமாகப் பார்த்தேன். 1971-இல் வந்த ஹாலிவுட் படம் அது. ஸ்டீவ் மெக்வீன் நாயகன். கார்ப் பந்தயப் படங்களில் செவ்வியல் என்று பேர் வாங்கியது. சித்தியின் மடியில் ஒரு ஷூ அப்பர், கையில் ஊசி. கம்பெனியில் வெட்டித் துளை போட்டு வந்த தோல் துண்டுகளை வீட்டில் வைத்துக் கையால் தைத்துக் கொடுப்பது அவர் வேலை. கூலி ஜோடிக் கணக்கு.

படம் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் வருகிறது, கொடிகள் பறக்கின்றன, ஓட்டுநர்கள் உடை மாற்றுகிறார்கள். "இன்னாடி இது, ரேஸ் படம்னு சொன்ன, வண்டி கெளம்பவே மாட்டேங்குது" என்றார் சித்தி. அவர் சொன்னதில் தப்பில்லை. முதல் அரை மணி நேரத்துக்கும் மேலாக அந்தப் படத்தில் கதாபாத்திரங்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதே இல்லை. மைதானத்து ஒலிபெருக்கி மட்டும் பேசுகிறது.

பந்தயம் தொடங்கிய பிறகு, தடத்தையே பார்த்தபடி நிற்கும் ஒரு பெண்ணின் முகம் திரும்பத் திரும்ப வந்தது. அவள் பெயர் லிசா. அவள் கணவன் முந்தைய ஆண்டு அதே பந்தயத்தில் இறந்தவன். சித்தி ஊசியை நிறுத்தாமல் கேட்டார்: "யாருடி அந்தப் பொண்ணு? சும்மாவே நின்னுகினு இருக்குது. அதுக்கு வேலை ஒண்ணும் இல்லியா?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பழைய பந்தயப் படங்கள் மெதுவானவை என்பது பொதுவான குறை. ஜான் ஃபிராங்கன்ஹைமர் 1966-இல் எடுத்த 'கிராண்ட் பிரீ' ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும். படத்தொகுப்புக்கும் ஒலிக்கும் ஆஸ்கர் விருதுகள் வாங்கிய படம். அதில் கார்கள் ஓடும் காட்சிகள் பறக்கும். படம் மெதுவாவது கார்கள் நின்ற பிறகுதான். ஓட்டல் அறைகளிலும் விருந்துகளிலும் மருத்துவமனைத் தாழ்வாரங்களிலும் பெண்கள் காத்திருக்கும்போது படத்தின் நடை தளர்கிறது. ஈவா மேரி செயின்ட் நடித்த லூயிஸ் என்ற பாத்திரம் பத்திரிகைத் துறையில் வேலை பார்க்கும் பெண். ஆனாலும் கதை அவளுக்குக் கொடுக்கும் முக்கிய வேலை, காதலன் உயிரோடு திரும்புவானா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

வேகம் ஆணுக்கு, காத்திருப்பு பெண்ணுக்கு. இந்தப் பங்கீட்டை இயற்கையானது என்று படங்கள் காட்டின. வரலாறு வேறு கதை சொல்கிறது.

பிரான்சின் லெ மான் நகரில் 24 மணி நேரப் பந்தயம் 1923-இல் தொடங்கியது. 1930-இல் மார்கரித் மாரூஸ், ஒடெட் சிகோ என்ற இரு பெண்கள் ஒரு புகாட்டி காரை மாற்றி மாற்றி ஓட்டி ஏழாவது இடம் பிடித்தார்கள். 1932-இல் சிகோ நான்காவது இடத்துக்கே வந்தார். அதாவது பெண்கள் அந்தத் தடத்தில் ஏற்கெனவே ஓட்டியவர்கள்தாம்.

1955-இல் அதே லெ மானில் ஒரு கார் பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஓட்டியவர் ஆண். அன்றைய பந்தயம் நிறுத்தப்படக்கூட இல்லை. மறு ஆண்டு ஆன்னி பூஸ்கே என்ற பெண் ஓட்டுநர் ரெய்ம்ஸ் நகரில் நடந்த வேறொரு பந்தயத்தில் விபத்தில் இறந்தார். அதன்பின் லெ மானில் பெண்கள் ஓட்டுவதையே அமைப்பாளர்கள் தடை செய்தார்கள். ஆண் செத்தால் அது விபத்து. பெண் செத்தால் அது பெண்ணினத்தின் தகுதியின்மை. இந்தக் கணக்கை நாம் எங்கேயும் பார்த்திருக்கிறோம்.

தடை 1971-இல்தான் தளர்ந்தது. அந்த ஆண்டு மரி-கிளோத் போமோன் அங்கே ஓட்டினார். 'லெ மான்' படம் எடுக்கப்பட்டதோ 1970-இல். லிசா தடத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்த அந்த ஆண்டு, அவள் விரும்பினாலும் உள்ளே போய் ஓட்ட முடியாது. படம் அவள் மௌனத்தை நிறுத்தி நிதானமாகக் காட்டுகிறது. தடையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சித்தியின் கேள்விக்கு இது பாதிப் பதில்தான். மீதி, 'சும்மா நிற்பது' என்ற சொல்லில் இருக்கிறது.

மின்னணுக் கருவிகள் வராத காலத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஆன நேரத்தைக் கையால்தான் குறிக்க வேண்டும். பல அணிகளில் அதைச் செய்தவர்கள் ஓட்டுநர்களின் மனைவிமாரும் காதலிகளும். தடத்தோரத்தில் உட்கார்ந்து, நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தி, எந்தக் கார் எத்தனையாவது சுற்றில் எந்த இடத்தில் போகிறது என்று பலகையில் எழுதினார்கள். கண் இமைத்தால் கணக்குத் தவறும். ஜோகன் ரிண்டின் மனைவி நீனா அப்படி நேரம் குறித்தவர். ரிண்ட் 1970 செப்டம்பர் 5 அன்று மான்சா தடத்தில் பயிற்சி ஓட்டத்தில் இறந்தார். உலகச் சாம்பியன் பட்டம் அவர் இறந்த பிறகு அவருக்கு வந்தது. கடிகாரம் பிடித்த கைகளுக்குப் பட்டமும் இல்லை, சம்பளமும் இல்லை.

'லெ மான்' நாயகன் லிசாவிடம் ஒரு கருத்தைச் சொல்கிறான்: பந்தயம்தான் வாழ்க்கை, மற்றதெல்லாம் வெறும் காத்திருப்பு என்ற பொருளில். ரசிகர்கள் கொண்டாடும் வசனம் அது. சொல்பவனுக்கு அந்தக் காத்திருப்பு வெற்று நேரம். கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு அதுதான் வாழ்க்கை.

இப்போது ஆம்பூர் கூடத்துக்குத் திரும்புவோம். சித்தியின் மடிக்கு அந்த அப்பர் வந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. பாலாற்றங்கரையின் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஊர்கள் நெடுங்காலம் அரைப் பதத் தோலைத்தான் கப்பல் ஏற்றின. 1972-இல் அமைக்கப்பட்ட சீதாராமையா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, அரைப் பதத் தோல் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியது. முழுதாகப் பதனிட்ட தோலும் காலணியும் இங்கேயே ஆகவேண்டும் என்பது திட்டம். டேனரிகளை ஒட்டி ஷூ கம்பெனிகள் வளர்ந்தன. டேனரிகளில் பெரும்பாலும் ஆண்கள். ஷூ கம்பெனிகளின் தையல் வரிசைகளில் பெரும்பாலும் பெண்கள். கம்பெனிக்குள்ளும் போக முடியாத பெண்களிடம் கைத்தையல் வேலை வீடு தேடி வந்தது.

அந்தக் கைத்தையல் பெரும்பாலும் மொக்காசின் வகைக் காலணிகளுக்கானது. அந்த வகையில் ஒன்று காரோட்டுவதற்கென்றே பிறந்தது. அடியில் ரப்பர்க் குமிழ்கள் பதித்த அந்த ஷூவுக்கு 1963-இல் இத்தாலியில் காப்புரிமை வாங்கினார்கள். பெடலை மிதிக்கும் கால் வழுக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். வேகத்துக்கான காலணிக்கும் தையல் ஊசியின் வேகத்தில்தான் போட முடியும்.

வீட்டில் தைக்கும் பெண்ணும் காத்திருக்கிறாள். ஏஜென்ட் மூட்டை கொண்டுவர, தண்ணீர் வர, பிள்ளை பள்ளியிலிருந்து வர. அதற்கிடையில் கை ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் வேலை என்ன என்று கேட்டால், வீட்டில் 'சும்மா' இருப்பதாகவே அவளைப் பற்றி எழுதிக்கொள்வார்கள். பணியாளர் பட்டியலில் பெயர் இல்லை என்றால் பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. கண் மங்கினாலும் விரல் மரத்தாலும் அது அவள் பாடு.

ஆம்பூர் வழியாகப் போகும் அதே தேசிய நெடுஞ்சாலையில் சென்னையை நோக்கி ஏறக்குறைய 150 கிலோமீட்டர் போனால் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம் வரும். 1953-இல் தொடங்கிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திய காலத்துக்குப் பிறகு அமைத்த தடம் அது. சென்னையைச் சேர்ந்த அலிஷா அப்துல்லா போன்ற பெண்கள் பைக்கிலும் காரிலும் போட்டியிட்டுப் பெயர் வாங்கிவிட்டார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு பெண் ஓட்ட வந்துவிட்டதால் ஓரத்தில் நின்றவர்களின் கணக்கு தீர்ந்துவிடாது.

அதனால் இந்த மெதுவான படங்களைத் தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள் என்று மாணவிகளிடம் சொல்வேன். கார் ஓடாத அந்த நிமிடங்களில்தான் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஏன் அங்கே நிற்கிறார்கள், அவர்களை உள்ளே விடாதது யார், அவர்கள் கைகள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று கேட்டுக்கொண்டு பாருங்கள்.

படம் முடிந்தது. யார் ஜெயித்தது என்று சித்தி கேட்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, தைத்து வைத்ததை எண்ணினார். நான்கு ஜோடி.