வாவிக் கரையில் தாய்மை அறிவு: ஒரு வரலாற்று நோக்கு

கருவுற்ற பெண்ணுக்கு வேண்டிய அறிவை அவளுக்குச் சொல்பவர் யார் என்பது, ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அறிய உதவும் வினாக்களுள் ஒன்றாகும். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நெடுங்காலமாக இவ்வினாவுக்கு விடையாக நின்றோர் தாயும் ஊர் மருத்துவிச்சியுமே ஆவர்.

இப்பிரதேசத்தில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் மணமகன் பெண் வீட்டுக்கு வந்து வாழ்தலே பெருவழக்கு. பிற இடங்களிற்போலத் தலைப்பிள்ளைப் பேற்றுக்காகப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லும் தேவை இங்கு அதிகம் எழவில்லை. தாய், மகள், மருமகன் ஆகியோர் ஒரே வளவிலோ அயலிலோ வாழ்ந்தனர். ஆகவே உணவு, மருந்து, சூடு, குளிர்ச்சி பற்றிய அறிவு தாய்வழியே தடையின்றிக் கையளிக்கப்பட்டது. ஆனால் கர்ப்ப காலத்தில் கணவன் மனைவியர் கூடி வாழலாமா என்ற வினாவைப் பெண் தாயிடமும் ஆண் மாமியாரிடமும் கேட்டல் மரபன்று. நெருங்கி வாழ்ந்த வீட்டிலேயே மௌனமும் குடிகொண்டது எனலாம்.

இம்மௌனத்தின் உள்ளேயும் திட்டமான கருத்துகள் இருந்தன என்பதற்குச் சான்றுண்டு. மட்டக்களப்புத் தமிழரும் முஸ்லிம்களும் பாலுறவு, கருவளம் ஆகியன பற்றிக் கொண்டிருந்த எண்ணங்களையே பொருளாகக் கொண்டு அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே எழுதிய ஆய்வுக் கட்டுரை 1982 இல் வெளிவந்தது. அக்கரைப்பற்றில் அவர் நிகழ்த்திய களஆய்வு அதற்கு அடிப்படையாயிற்று.

ஏட்டறிவும் இத்துறையில் தமிழுக்குப் புதியதன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் மொழிபெயர்த்த ‘பிரசவ வைத்தியம்’ 1857 இல் வெளிவந்தது. எனினும் அது மருத்துவ மாணவர்க்கான நூல். கர்ப்பிணியின் கைக்கு எட்டும் நூலன்று. 1936 இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், இவ்வாவிப் பிரதேசத்துக் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் என்பது பெருமைக்குரியது. உடலைப் பற்றிக் கூச்சமின்றிப் பேசுதற்குத் தகுந்த சொற்கள் வேண்டும். அவை தமிழில் இயலும் என்பதை அவ்விரு முயற்சிகளும் காட்டின.

அறிவை வீட்டு வாசலுக்குக் கொண்டு சென்றவர் அரசாங்க மருத்துவ மாதர். 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை பின்னர் நாடெங்கும் பரவியது. 1930 களில் இலட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 2,000 ஆக இருந்த தாய்மார் இறப்பு, அண்மைக்காலத்தில் 30 ஐ ஒட்டியுள்ளது. இச்சாதனையில் அவர்தம் பங்கு பெரிது. படுவான்கரைக்குச் செல்ல ஓடத்தையே நம்பியிருந்த காலமும் உண்டு. மண்முனைப் பாலம் 2014 இலேயே திறக்கப்பட்டது.

ஆயினும் உயிரைக் காத்த இப்பணியிற்கூட அந்தரங்க வினா பின்தள்ளப்பட்டது. சிக்கலற்ற கர்ப்பத்தில் உடலுறவு சிசுவுக்குத் தீங்கு செய்வதில்லை என்பதும், இரத்தப்போக்கு, நஞ்சுக்கொடி கீழிறங்கியிருத்தல், நீர்க்குடம் உடைதல், குறைமாதப் பிரசவ அபாயம் ஆகியவற்றின்போது தவிர்த்தல் வேண்டும் என்பதும் மருத்துவம் கூறும் எளிய உண்மைகள். இவற்றை அறியாமையால் சிலர் வீண் அச்சம் கொள்வர். சிலர் உண்மையான அபாயத்தையும் அறியாதிருப்பர்.

இன்று இவ்வினா கைத்தொலைபேசியை நாடிச் செல்கின்றது. அங்கே வெட்கமில்லை, ஆனால் மருத்துவர் சொல்லையும் வணிகர் சொல்லையும் பிரித்துணர்த்துவோரும் இல்லை. முன்னர்க் கேட்பதற்கு ஆளில்லாதிருந்தது. இப்போது கேட்டதை மதிப்பிடுதற்குத் துணையில்லை. மருத்துவ மாதும் கணவன் மனைவியரும் ஒருங்கிருந்து நல்ல தமிழில் இவ்விடயத்தைப் பேசும் நாளிலேயே அம்மௌனம் நீங்கும். கிறீன் தொடக்கி வைத்த பணியின் எஞ்சிய பகுதி அதுவேயாகும்.