பூட்டில்லாப் பகிர்வின் வரலாறு: சித்தூர், திருப்பதி, 2017

2017 மே 12, வெள்ளிக்கிழமை. உலகெங்கும் பரவத் தொடங்கிய வானாக்ரை என்னும் பணம் பறிக்கும் வைரஸ் ஆந்திரப் பிரதேசக் காவல் துறையின் கணினிகளையும் தாக்கியிருப்பது மறுநாளே தெரியவந்தது. சித்தூர், கிருஷ்ணா, குண்டூர், விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் மாவட்டங்களில் 18 காவல் பிரிவுகளின் கணினிகள் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. திருப்பதி அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 2022 ஏப்ரலில்தான். சில நாட்களில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகக் கணினிகள் சிலவற்றிலும் அதே வைரஸ் கண்டறியப்பட்டது. காவல் நிலையத்துக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் நடந்தது வீட்டுக் கணினியைப் பாதிக்காத விஷயம் என்று பலர் எண்ணினார்கள். உண்மையில் வானாக்ரை பரவிய பாதை, வீட்டில் ஒரு கணினியின் ஃபோல்டரை இன்னொரு கணினியில் திறந்து பார்க்க நாம் பயன்படுத்தும் அதே கோப்புப் பகிர்வுச் சேவைதான். இன்று வீட்டுக் கணினிகள் ஒன்றையொன்று காண மறுத்து, கடவுச்சொல் கேட்டுத் தொல்லை தருகின்றன என்றால், அதற்குப் பெரும்பாலும் காரணம் அந்த மே மாதம் கற்பித்த பாடமே. அதைப் பழுது என்று நினைத்துப் பழைய நிலைக்குத் திருப்புவது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தச் சேவையின் பெயர் எஸ்.எம்.பி. 1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் பாரி ஃபைகன்பாம் இதை வடிவமைத்தார். ஓர் அலுவலகத்தில் பத்துப் பதினைந்து கணினிகள் ஒரே கம்பியில் இணைந்திருக்கும், அவற்றில் உட்காருபவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பதே அதன் அடிப்படை எண்ணம். மைக்ரோசாஃப்ட் இதைத் தன் லேன் மேனேஜர் என்ற நெட்வொர்க் மென்பொருளில் சேர்த்துக்கொண்டு, 1992இல் வெளியிட்ட விண்டோஸ் ஃபார் ஒர்க்குரூப்ஸ் வழியாகச் சாதாரண மேசைக் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கான்பெர்ராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜல், விண்டோஸ் அல்லாத கணினிகளும் இந்தப் பகிர்வில் சேர உதவிய மென்பொருளின் முதல் வடிவத்தை எழுதி வெளியிட்டார். அதுவே பின்னாளில் சாம்பா ஆயிற்று. இவர்கள் செய்தது பெரும் தொண்டு. ஒரே பிரிண்டரை அலுவலகம் முழுவதும் பயன்படுத்தவும், ஒரே பதிவேட்டைப் பலர் திறந்து பார்க்கவும் முடிந்தது இதனால்தான். குறை இருந்தது சேவையின் நோக்கத்தில் அல்ல. தெரிந்தவர்களுக்காக வகுத்த நம்பிக்கையை, உலகமே இணைந்துவிட்ட காலத்திலும் அப்படியே விட்டுவைத்ததில் இருந்தது.

ஒவ்வொரு புதிய விண்டோஸும் பகிர்வை மேலும் எளிதாக்கவே முயன்றது. விண்டோஸ் 95, 98 இரண்டிலும் ஃபோல்டருக்கு ஒரு கடவுச்சொல் வைத்தால் போதும். யார் நுழைகிறார்கள் என்று கணினி கேட்காது. அந்தக் கடவுச்சொல்லும் வலுவற்றது என்பது 2000இல் வெளியானது: முதல் எழுத்தை மட்டும் சரியாக அனுப்பினாலே நுழைந்துவிடலாம் என்ற ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு அக்டோபரில் அடைக்க வேண்டியிருந்தது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் ஹோம் பதிப்பு, நெட்வொர்க்கிலிருந்து வருபவர் எவரானாலும் விருந்தினர் கணக்கில் அனுமதித்தது. பயனர் எதையும் அமைக்க வேண்டியதில்லை என்பது அதன் பெருமையாகச் சொல்லப்பட்டது. இந்தியச் சிற்றூர் அலுவலகங்களும் வீடுகளும் கணினிக்கு வந்தது பெரும்பாலும் இந்த எக்ஸ்பி காலத்தில்தான். பகிர்வு வேலை செய்யவில்லை என்றால் ஃபயர்வாலை அணை, எல்லோருக்கும் முழு அனுமதி கொடு என்பதே பழுது பார்ப்பவர்கள் கற்ற முதல் வைத்தியமாக ஆனது. அந்தப் பழக்கம் இன்றும் நம்மை விடவில்லை.

எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. 2008 நவம்பரில் தோன்றிய கான்ஃபிக்கர் என்ற வைரஸ் இதே சேவையின் வழியே பெருமளவில் பரவியது. ஓட்டையைப் பயன்படுத்தியதோடு எளிய கடவுச்சொற்களை ஊகித்தும் பக்கத்துக் கணினிகளுக்குள் நுழைந்தது. 2017இல் நிலைமை இன்னும் மோசமானது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை தன்வசம் வைத்திருந்த எட்டர்னல்புளூ என்ற தாக்குதல் கருவி ஏப்ரல் 14 அன்று பொதுவெளியில் கசிந்தது. எஸ்.எம்.பி.யின் பழைய, முதல் வடிவத்தைக் கையாளும் நிரலில் இருந்த பிழையை அது பயன்படுத்தியது. நான்கு வாரங்களில் அந்தக் கருவியைச் சுமந்துகொண்டு வானாக்ரை வந்தது. அது பரவ யாரும் மின்னஞ்சலைத் திறக்க வேண்டியதில்லை, எந்தப் படத்தையும் தொட வேண்டியதில்லை. ஒரு கணினியில் நுழைந்ததும் அதே நெட்வொர்க்கில் 445 என்ற எண்ணுள்ள போர்ட் திறந்திருக்கும் மற்ற கணினிகளைத் தானே தேடிச் செல்லும். கோப்புகளைப் பூட்டி, 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்கும். சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் இப்படிப் பூட்டப்பட்டன. பிரிட்டனின் மருத்துவமனைகளும் சித்தூரின் காவல் பிரிவுகளும் ஒரே வாரத்தில் ஒரே காரணத்தால் பாதிக்கப்பட்டன.

பகிர்வைக் குறை சொல்லும் இந்த வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. மைக்ரோசாஃப்ட் அந்தப் பிழைக்கான திருத்தத்தை மார்ச் 14 அன்றே, தாக்குதலுக்கு இரண்டு மாதம் முன்பே, வெளியிட்டுவிட்டது. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பான்மை விண்டோஸ் 7 கணினிகள். அவற்றுக்குத் திருத்தம் கிடைத்தும் நிறுவவில்லை. ஆகவே குற்றம் அலட்சியத்தின்மீதுதான், பகிர்வின்மீது அல்ல என்பார்கள். அலட்சியம் உண்மைதான். ஆனால் திருத்தம் நிறுவாத ஒரு கணினி தான் கெட்டதோடு நில்லாமல் பக்கத்தில் இருந்தவற்றையும் கெடுத்தது ஏன் என்று கேட்க வேண்டும். எதையும் பகிராத கணினியிலும் அந்தப் பழைய சேவை ஓடிக்கொண்டிருந்தது. கேட்பவர் யாரென்று அறியும் முன்பே பதில் சொல்லத் தயாராக இருந்தது. 2014 ஏப்ரலில் ஆதரவு முடிந்த எக்ஸ்பிக்குப் பொதுவான திருத்தம் கிடைத்ததோ தாக்குதல் நடந்த மறுநாள்தான். தேவையில்லாத சேவை அணைக்கப்பட்டிருந்தால் இரண்டு மாத அலட்சியத்துக்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்திருக்காது.

வீடு சிறியது, ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிறது, அங்கே யார் வருவார் என்பது அடுத்த மறுப்பு. வெளியிலிருந்து நேரே வரும் தாக்குதலை ரவுட்டர் பெரிதும் தடுக்கும் என்பது சரி. ஆனால் அலுவலகத்திலும் கல்லூரியிலும் இணைந்துவிட்டு மாலையில் வீட்டு வைஃபையில் சேரும் மடிக்கணினியை அது தடுக்காது. இழப்பின் அளவிலும் வீடு சிறியதல்ல. ஓர் அலுவலகத்தில் தாளில் ஒரு பிரதியாவது மிஞ்சும். குழந்தையின் முதல் ஆண்டுப் படங்களும், இறந்துபோன பெரியவர்களின் குரல் பதிவும், வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன் நகல்களும் பல குடும்பங்களில் ஒரே ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கின்றன.

2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்.எம்.பி.யின் முதல் வடிவம் புதிய கணினிகளில் இயல்பாக நிறுவப்படுவதில்லை. 2009இல் வீடுகளுக்காகவே வந்த ஹோம்குரூப் வசதி 2018இல் நீக்கப்பட்டது. 2024இன் விண்டோஸ் 11 பதிப்பு விருந்தினர் நுழைவை மேலும் இறுக்கியது. விளைவாக, பக்கத்து அறைக் கணினி பட்டியலில் தெரியாமல் போனது, பழைய நெட்வொர்க் டிஸ்க் திறக்க மறுத்தது. இங்கே பழுது பார்ப்பவர் செய்ய வேண்டியது வேறு. இரண்டு கணினிகளும் ஒரே வைஃபையில்தான் உள்ளனவா, விருந்தினர் வைஃபையில் ஒன்று சிக்கியுள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். வீட்டு நெட்வொர்க் 'தனிப்பட்டது' என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். பெயர் பட்டியலில் தெரியாவிட்டால் ஐ.பி. முகவரியைத் தட்டிப் பார்க்கலாம். பழைய பட்டியல் முறையே முதல் வடிவத்தோடு போய்விட்டது. பகிரும் கணினியில் கடவுச்சொல்லுடன் ஒரு பயனர் கணக்கு வேண்டும். திரையைத் திறக்கும் பின் எண் நெட்வொர்க்கில் செல்லாது என்பதை அறியாமல் மணிக்கணக்கில் தவிப்பவர்கள் பலர். ஃபோல்டரின் பகிர்வு அனுமதி, கோப்பு அனுமதி இரண்டும் அந்தப் பயனருக்குத் தரப்பட வேண்டும்.

பழைய வடிவம் மட்டுமே தெரிந்த ஸ்கேனரும் நெட்வொர்க் டிஸ்கும் வைத்திருப்பவர்களின் குறை நியாயமானது. பணம் கொடுத்து வாங்கிய நல்ல கருவியைத் தூக்கி எறி என்று சொல்வது எளிதல்ல. புதிய மென்பொருள் தராமல் கைவிட்ட தயாரிப்பாளர்களே இதற்குப் பொறுப்பு. தயாரிப்பாளரின் புதுப்பிப்பு இருக்கிறதா என்று முதலில் தேடலாம். இல்லையென்றால் அந்தக் கருவிக்குப் பென்டிரைவையோ மின்னஞ்சலையோ பயன்படுத்தலாம். அதற்காகக் குடும்பக் கோப்புகள் உள்ள கணினியில் முதல் வடிவத்தை மீண்டும் உயிர்ப்பிக்கக் கூடாது. உங்கள் வீட்டிலும் கடையிலும் பகிர்வு நின்றுபோனால் ஃபயர்வாலை அணைக்கச் சொல்பவரிடம் மறுத்துவிடுங்கள். ஒரு கடவுச்சொல்லை உருவாக்கிக்கொள்ளுங்கள். முக்கியமான கோப்புகளின் ஒரு நகலை எந்தக் கணினியோடும் இணைக்காமல் தனியே வையுங்கள்.