கூடையும் கோட்டையும்: திருக்கோணமலை முற்றுகைகளில் நகரும் காப்பு

ஓர்ஸ் ஹில் மேட்டிலிருந்து உட்துறைமுகத்தை நோக்குவோர், திருக்கோணமலையின் போர் வரலாறு கப்பல்களின் வரலாறே எனக் கருதுதல் இயல்பு. ஆயின் ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய கோட்டை 1782இல் இருமுறையும் 1795இல் ஒருமுறையும் தாக்குண்டு கைமாறியபோது, மும்முறையும் தரைவழியாகவே வீழ்ந்தது. கப்பல்கள் படையைக் கொணர்ந்தன, அவ்வளவே.

திறந்த வெளியில் மதிலை அணுகுவோனுக்குக் காப்பு யாது? தோல் எனும் கேடயங்களின் பெருக்கத்தைத் தொல்காப்பியம் உழிஞைத் திணையில் ஒரு துறையாகவே வைத்தது. பீரங்கிக் குண்டின் முன் கேடயம் பயனற்றது, மண்ணே தாங்கவல்லது. ஆனால் மண் நடவாது. அதனை நடக்கச் செய்தது கூடை.

பிரெஞ்சுப் பொறியியலாளர் வோபன் 17ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்திய முற்றுகை முறையில், அடியில்லாத உருளை வடிவக் கூடைகளை வரிசையாக நிறுத்தி, பதுங்குகுழியில் வெட்டிய மண்ணை அவற்றுள் கொட்டுவர். சில நிமிடங்களில் ஒரு சுவர் எழும். முன்னணியில் வெட்டுவோன், சுள்ளி திணித்த பெருங்கூடை ஒன்றைக் கிடத்தி உருட்டியவாறு அதன் மறைவில் முன்னேறுவான். சரியும் மண்ணைச் சுள்ளிக்கட்டுகள் தாங்கும். திருக்கோணமலை போன்ற மணற்பாங்கான கடற்கரையில் இவையின்றிக் குழி நில்லாது என்பது வெளிப்படை.

1782 சனவரியில் எட்வேட் ஹியூஸின் பிரித்தானியப் படையினர் இத்தகைய பொறுமையைக் கைக்கொள்ளவில்லை. 5ஆம் திகதி கோட்டையைக் கைப்பற்றி, 11ஆம் திகதி ஓஸ்ரன்பேர்க் கோட்டையைப் பாய்ந்து பிடித்தனர். அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் தரையில் பீரங்கி மேடைகள் அமைத்துத் தாக்க, 30ஆம் திகதி கோட்டை பணிந்தது.

முற்றுகையின் இலக்கணத்தை முழுமையாகக் காட்டுவது 1795ஆம் ஆண்டு நிகழ்ச்சியே. கேணல் ஜேம்ஸ் ஸ்ருவாட்டின் படை ஓகஸ்ட் தொடக்கத்தில் கரையிறங்கியது. அலை கடுமையாயிருந்தமையால் தளபாடங்களை இறக்கவே ஏறத்தாழப் பத்து நாட்கள் சென்றன. 18ஆம் திகதி குழி வெட்டத் தொடங்கினர். 23ஆம் திகதி பீரங்கிகள் முழங்கின. 26ஆம் திகதி மதில் உடைந்து கோட்டை சரணடைந்தது. மண் வேலைக்கு ஐந்து நாட்கள், பீரங்கிக்கு மூன்று நாட்கள்! எனினும் இம்முற்றுகையைக் கூறுவோர் ஸ்ருவாட்டையும் கடற்படைத் தளபதி ரெய்னியரையும் பெயர் சுட்டுவரேயன்றி, கம்பு வெட்டியோரையும் கூடை முடைந்தோரையும் மணல் சுமந்தோரையும் எண்ணிக்கையாகக்கூடக் கூறுவதில்லை. வெற்றியின் பெரும்பகுதி அவர்களுடைய உழைப்பென்பதை நாட்கணக்கே காட்டுகின்றது.

ஓஸ்ரன்பேர்க் ஓகஸ்ட் 31இல் பணிந்தது.