தபால் பை மெத்தை

1905 ஜனவரி. அனுராதபுரத்தில் ரயில் பாதை முடிந்துவிட்டது. யாழ்ப்பாணம் போக வேண்டிய ஓர் இளம் வெள்ளைக்கார உத்தியோகத்தருக்கு ‘மெயில் கோச்’ என்று ஒரு வண்டியைக் காட்டினார்கள். பேர்தான் பெரிது, பார்த்தால் மாட்டுவண்டி. தபால் பைகள் அடியில் கிடந்தன, ஆட்கள் அவற்றின்மேல் படுத்தார்கள். வோல்டேரின் தொண்ணூறு புத்தகங்களோடு இலங்கைக்கு வந்த லெனாட் வூல்ஃப்தான் அவர். பின்னாளில் தன் வாழ்க்கைக் கதையில் இந்தப் பயணத்தை எழுதிவைத்தார்.

வன்னித் தபாலின் கதையை நான் அந்த வண்டியிலிருந்துதான் தொடங்குவேன். முல்லைத்தீவு, வவுனியாக் கச்சேரிகளுக்கு அரசாங்கக் கடதாசிகள் வந்திருக்கும். மற்றப்படி அந்தப் பைகள் பெரும்பாலும் கொழும்பும் யாழ்ப்பாணமும் பேசிக்கொண்ட பேச்சுத்தான். நடுவில் கிடந்த வன்னிக் காடு வழிவிட்டதோடு சரி. காய்ச்சல் பிடித்த குளத்தூர்களில் கடிதம் எழுத ஆளும் குறைவு, வாசிக்க ஆளும் குறைவு.

அதே ஆண்டில் ரயில் பாதை இணைந்தது. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என்று கோச்சி நின்ற இடங்களில் பையும் இறங்கியது. முல்லைத்தீவுக்கு ரயில் இல்லை. மாங்குளத்திலிருந்து கிழக்கே ஏறக்குறைய 50 கிலோமீற்றர் தெருவழி.

உண்மையில் தபாலுக்கு வேலை கொடுத்தது குடியேற்றம். கிளிநொச்சிப் பக்கம் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். 1940களின் பிற்பாதியில் டி.டி.ரி. மருந்தடித்து மலேரியாவை அடக்கிய பிறகு வரவு கூடியது. வந்தவனுக்கு ஊரில் தாய் இருந்தாள், கடன் இருந்தது, பேசிவைத்த பெண் இருந்தாள். கடிதம் வேண்டாமா?

பெரிய தபால் கந்தோர் வரும்வரை யார் காத்திருப்பது? உப தபாலகம் என்பது பல ஊர்களில் உப தபாலதிபரின் வீட்டு விறாந்தைதான். ஒரு மேசை, தராசு, மைப்பெட்டி, தேதி முத்திரை. குத்துகிற ‘டக்’ சத்தம் படலை வரை கேட்கும். காசுக்கட்டளை எடுக்க வந்தவர் பெருவிரலில் மையோடு திரும்புவார். கடிதத்தை வாசித்துக் காட்டச் சொல்லி நிற்கும் கிழவிக்கு, கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று யோசிப்பதும் அந்த மேசையின் வேலைதான். அதற்குச் சம்பளப் பட்டியலில் இடமில்லை.

காடு வெட்டிய காணியில் தெருப்பெயர் ஏது? வாய்க்கால்தான் விலாசம். ‘10ஆம் வாய்க்கால், உருத்திரபுரம்’ என்று எழுதினால் கடிதம் போய்ச் சேர்ந்தது.

1990இல் போரால் கோச்சி வவுனியாவோடு நின்றது. பிறகு சனம் ஊர் ஊராக இடம்பெயர்ந்தது, விலாசம் மாதத்துக்கொன்றாக மாறியது. 2009இல் போர் முடிந்த பிறகு திரும்பி வந்தவர்கள் பலருக்கு வீடும் இல்லை, வேலியும் இல்லை. வாய்க்கால் இருந்தது. பழைய நம்பரையே உறையில் எழுதினார்கள்.