காலை ஊன்றாமல் ஒரு நூற்றாண்டு

மோட்டார் சைக்கிள் போட்டி எண்டவுடன எங்களுக்கு ஞாபகம் வருவது வேகம்தான். ஆனால் ட்ரயல்ஸ் என்றொரு போட்டி இருக்கிறது. அதில் ஓடுபவர் பெரும்பாலும் மனிதர் நடக்கிற வேகத்தில்தான் போவார். பாறை, ஓடை, சேறு, மரவேர் நிறைந்த ஒரு சின்னத் துண்டு நிலத்தை அடையாளமிட்டு வைத்திருப்பார்கள். காலை நிலத்தில் ஊன்றாமல் அதைக் கடந்தால் 0. ஒரு தடவை ஊன்றினால் 1, இரண்டு தடவை ஊன்றினால் 2. அதுக்கு மேல எத்தனை தடவை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ, எல்லையை விட்டு வெளியே போனாலோ 5. கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி, ஆகக் குறைந்த புள்ளி எடுத்தவரை வென்றவர் என்பார்கள். புள்ளி எண்டால் கூட எடுக்கவேணும் என்று பழகிய எங்களுக்கு இது கொஞ்சம் தலைகீழான கணக்குத்தான்.

இதில் ஓடுபவர்களில் பெரும்பாலானோர் கிழமை நாள்களில் வேறு வேலை பார்த்து, ஞாயிற்றுக்கிழமை பைக்கை ஏற்றிக்கொண்டு வருகிற சாதாரண ஆட்கள். அவர்களுக்குள்ளே ஒரு பழைய சண்டை உண்டு. வெல்லுறதுக்கு ஓடுறதா, சந்தோசத்துக்கு ஓடுறதா? இந்த விளையாட்டின் வரலாற்றைப் புரட்டினால், அதன் விதிகளில் பாதி இந்தச் சண்டையிலிருந்துதான் பிறந்திருக்கிறது என்று தோன்றும்.

தொடக்கத்தில் சோதிக்கப்பட்டது மனிதரல்ல, இயந்திரம். 1900களின் ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிள் ஒரு நம்ப முடியாத பொருள். ஒரு மேட்டில் ஏறுமா, தூரப் பயணத்தை முடிக்குமா என்பதே கேள்வி. அதைப் பார்க்கத்தான் இங்கிலாந்தில் நம்பகத்தன்மைச் சோதனை ஓட்டங்கள் தொடங்கின. 1901இல் உருவான மோட்டார் சைக்கிளிங் கிளப் 1904இல் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கும், 1908இல் லண்டனிலிருந்து லாண்ட்ஸ் எண்டுக்கும் ஓட்டங்களை நடத்தியது. இவற்றில் முதலாமிடம் என்று ஒன்று இல்லை. ஒரு தரம் வகுக்கப்பட்டிருக்கும். அதை எட்டிய எல்லாருக்கும் பதக்கம். பத்துப் பேர் எட்டினால் பத்துப் பேருக்கும் தங்கம். இன்றைக்கும் அந்தக் கழகத்தின் ஓட்டங்கள் இப்படித்தான் நடக்கின்றன. பக்கத்தில் ஓடுபவரைத் தோற்கடிக்காமலே ஒருவர் தங்கம் எடுக்கலாம்.

1914இல் வேறொரு வழி திறந்தது. இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் ஷிப்லி என்ற ஊரில் மோட்டார் சைக்கிள் செய்துகொண்டிருந்த அல்ஃபிரட் அங்கஸ் ஸ்கொட், தொழிற்சாலையிலிருந்து மலைப்பாங்கான வழிகளால் பர்ன்ஸோல் வரை ஓடிக் காட்டுங்கள் என்று தன் தொழிலாளர்களுக்குச் சவால் விட்டார். 14 பேர் புறப்பட்டார்கள், 9 பேர் போய்ச் சேர்ந்தார்கள். அதுதான் ஸ்கொட் ட்ரயல். இன்றைக்கும் யோர்க்ஷயரில் அது நடக்கிறது. அதில் கால் ஊன்றினாலும் புள்ளி போகும், பிந்தினாலும் புள்ளி போகும். ஆறுதலாகப் பார்த்து ஓடினால் நேரம் கடிக்கும், அவசரப்பட்டால் பாறை கடிக்கும். ஒரு முதலாளி தன் ஆட்களிடம் விளையாட்டாகக் கேட்ட கேள்வி, மிகக் கடுமையான போட்டிகளில் ஒன்றாக வளர்ந்தது.

பிறகு வந்தவர் சாமி மில்லர். பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். 1959 முதல் 1969 வரை தொடர்ந்து 11 தடவை பிரித்தானிய சம்பியன். 500 சிசி ஏரியல் பைக்கை ஒவ்வொரு பாகமாகப் பார்த்துப் பார்த்து எடை குறைத்தவர். அதோடு நிற்கவில்லை. 1964இல் ஸ்பெயினின் புல்டாகோ கம்பனியோடு சேர்ந்து ஷெர்ப்பா டி என்ற மெலிந்த டூ ஸ்ட்ரோக் பைக்கை உருவாக்கினார். 1965இல் ஸ்கொட்லாந்தின் ஆறு நாள் ட்ரயலை அதிலேயே வென்றார். பாரமான பிரித்தானிய பைக்குகளின் காலம் அதோடு முடிந்தது எண்டு சொல்லலாம். வெல்லவேணும் என்ற ஒரு மனிதரின் பிடிவாதம் அந்த விளையாட்டின் இயந்திரத்தையே மாற்றியது. இதில் சாதாரண ஆட்களுக்கு இலாபமும் இருந்தது. எடை குறைந்த பைக் ஞாயிற்றுக்கிழமைக்காரரின் கைக்கும் இலகுதானே.

1975இல் உலக சம்பியன்ஷிப் தொடங்கியது. முதல் சம்பியன் யோர்க்ஷயரின் மார்ட்டின் லாம்ப்கின். 1979இல் அமெரிக்கரான பெர்னி ஷ்ரைபர் வென்றார். பின்சக்கரத்தில் பைக்கைத் திருப்புகிற அவருடைய பாணியை மற்றவர்கள் பார்த்துப் படித்தார்கள். 1987இல் சைக்கிள் ட்ரயல்ஸிலிருந்து வந்த ஜோர்டி தாரேஸ் சம்பியன் ஆனார். சமநிலையில் அப்படியே நிற்பது, நின்ற இடத்திலிருந்து துள்ளுவது, சக்கரத்தைப் பக்கவாட்டில் நகர்த்தி வைப்பது எல்லாம் மோட்டார் சைக்கிளுக்கும் வந்தன. 2007இலிருந்து 2024 வரை ஒவ்வொரு வருடமும் உலகப் பட்டம் எடுத்த டோனி போ ஏறுகிற பாறைச் சுவர்களைப் பார்த்தால், இது பைக்கா ஆட்டுக்குட்டியா எண்டு கேக்கத் தோன்றும். இன்றைய ட்ரயல்ஸ் பைக் சுமார் 70 கிலோ. அதில் இருக்கையே இல்லை.

இங்கேதான் சிக்கல். ஆகத் திறமையானவர்களைப் பிரித்துப் பார்க்கப் பாதையை அமைத்தால், நடுத்தர ஆள் ஒவ்வொரு இடத்திலும் 5 வாங்குவார், பைக்கை உடைப்பார், அடுத்த மாதம் வரமாட்டார். சரி, எல்லாருக்கும் இலகுவாக அமைத்தால்? அப்ப நல்லா ஓடுகிற இருபது பேரும் 0 எடுப்பார்கள். எங்கோ ஒரு கல்லில் வழுக்கி ஒருவர் வைத்த ஒரேயொரு கால் முழு நாளையும் தீர்மானிக்கும். அந்தப் பயத்தில் இலகுவான ட்ரயல்தான் மிகவும் பதட்டமானதாகிவிடும். போட்டியைக் குறைக்க எண்டு செய்தது போட்டியைக் கூட்டிவிடும். ஒவ்வொருவரும் கொஞ்சம் இழந்து, கொஞ்சம் வெல்லக்கூடிய அளவில் பாதை அமைப்பவர்தான் உண்மையான கெட்டிக்காரர்.

கழகங்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. ஒரே பாறைக் கூட்டத்தில் வெவ்வேறு நிற அம்புக்குறிகளை வைத்து இரண்டு மூன்று பாதைகள் போடுவது. ஒருவர் பாறையின் மேலால் போவார், மற்றவர் பக்கத்தால் சுற்றிப் போவார். மகன் கடினமான பாதையிலும் தகப்பன் இலகுவான பாதையிலும் ஓடி, மத்தியானம் ஒரே இடத்தில் இருந்து சாப்பிடலாம்.

நிற்கலாமா, நிற்கக்கூடாதா என்ற சண்டையும் இதே கேள்விதான். நின்று துள்ளி வழி தேடலாம் என்றால், அந்த வித்தையைப் பழக நேரமும் இளம் உடம்பும் உள்ளவர்களுக்கே வாய்ப்பு. நிற்காமல் ஓடவேணும் என்றால், வயது போனவருக்கும் பழைய பைக்குக்கும் இடம் கிடைக்கும். 2013இல் உலகப் போட்டிக்கே நிற்கக்கூடாது என்ற விதி திரும்ப வந்தது. ஆனால் எது நின்றது, எது மெதுவாக நகர்ந்தது? அதைச் சொல்லவேண்டியவர் மழையில் நனைந்தபடி அந்த இடத்தில் நிற்கிற அவதானிப்பாளர். அவர் சம்பளமில்லாத தொண்டர். அவரோடு ஒரு புள்ளிக்காகச் சண்டை பிடித்தால் அடுத்த கிழமை அவர் வரமாட்டார். அவர் இல்லையெண்டால் ட்ரயலும் இல்லை. போட்டி மனப்பான்மைக்கு ஒரு எல்லை வேணும் என்பதற்கு இதைவிட நடைமுறையான காரணம் தேவையில்லை.

பழைய பைக்குகளை வைத்து ஆறுதலாக ஓடுவோம் என்று தொடங்கியவர்களும் தப்பவில்லை. 1965க்கு முந்திய பைக்குகளுக்கான ஸ்கொட்லாந்து ட்ரயல் 1984இல் தொடங்கியது. போகப்போக, வெளித்தோற்றம் மட்டும் பழசாக, உள்ளே புதிய பாகங்களோடு, பெரும் காசு செலவழித்துச் செய்த பைக்குகள் வந்தன. எது உண்மையான பழைய பைக் என்று ஆராய்ச்சி செய்யவேண்டி வந்தது. ஏக்கத்துக்குள்ளும் போட்டி புகுந்துவிடும் பாருங்கோ.

அப்படியெண்டால் போட்டியே வேண்டாமா? ஸ்கொட்லாந்து ஆறு நாள் ட்ரயலைப் பாருங்கள். ஃபோர்ட் வில்லியத்தைச் சுற்றிய மலைகளில், நாளைக்கு 30 பகுதிகளளவில், ஆறு நாளும் ஓடவேணும். 200க்கு மேற்பட்டவர்கள் ஓடுவார்கள். விண்ணப்பிப்பவர்கள் அதைவிட அதிகம் என்பதால் சீட்டுக் குலுக்கித்தான் இடம் கொடுக்கிறார்கள். அவர்களில் வெல்லப்போகிறவர்கள் ஒரு கைவிரலுக்குள் அடங்குவார்கள். மிச்சப் பேருக்கு அது முதல் நாளே தெரியும். தெரிந்தும் வருகிறார்கள், சேற்றில் புதைகிறார்கள், நூற்றுக்கணக்கில் புள்ளி இழக்கிறார்கள். ஆனால் இழந்த ஒவ்வொரு புள்ளியையும் கவனமாக எண்ணி வைக்கிறார்கள். யாரும் எண்ணாமல் விட்டால் அவர்களுக்குச் சந்தோசம் இராது. போன முறை 5 வாங்கிய அதே பாறையில் இந்த முறை 3 வாங்கினால், அந்த இரண்டு புள்ளி வித்தியாசம் அட்டவணையில் யாருடைய இடத்தையும் பறிக்கத் தேவையில்லை.

நூறு வருடத்துக்கு மேலாக இந்த விளையாட்டு இரண்டையும் பிரிக்க முயன்று பிரிக்க முடியாமல் இருக்கிறது. எண்ணுவதை அவர்கள் ஒருநாளும் கைவிடவில்லை. யாருக்காக எண்ணுகிறோம் என்பதைத்தான் ஒவ்வொரு தலைமுறையும் திரும்பத் திரும்பப் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது. மதிப்பெண்ணும் தரவரிசையும் வைத்தே வளர்கிற எங்களுக்கும் அது ஒன்றும் தூரத்துக் கேள்வி இல்லை.