ஐ.இ.இ.இ. இந்திய மன்றத்தின் வரலாறு

ஐ.இ.இ.இ. இந்திய மன்றம் என்பது மின், மின்னணுப் பொறியாளர் கழகம் என்னும் பன்னாட்டுத் தொழில்முறை அமைப்பின் இந்தியப் பிரிவுகளை ஒருங்கிணைக்கும் அமைப்பாகும். தாய்க் கழகத்தை ஐ.இ.இ.இ. என்று எழுதினாலும் பேச்சில் 'ஐ டிரிபிள் ஈ' என்பதே வழக்கம். மன்றத்தையும் பொறியாளர்கள் 'இந்தியா கவுன்சில்' என்றே சொல்வார்கள். இது 1976 மே 20 அன்று நிறுவப்பட்டது.

இந்த மன்றத்தில் தனி ஆள் எவரும் உறுப்பினராகச் சேர முடியாது. சென்னையிலோ மதுரையிலோ உள்ள ஒரு பொறியாளர் கழகத்தில் சேர்ந்தால், அவர் மெட்ராஸ் பிரிவைச் சேர்ந்தவர் ஆகிறார். அப்பிரிவு ஆசிய-பசிபிக் நாடுகளுக்கான 10-ஆம் மண்டலத்துக்கு உட்பட்டது. பிரிவுக்கும் மண்டலத்துக்கும் நடுவே இருப்பதுதான் மன்றம். நாட்டின் பெயரைத் தாங்கிய அமைப்புக்கு நேரடி உறுப்பினர் இல்லாமல் போனது ஏன் என்பது அதன் முன்வரலாற்றைப் பார்த்தால் விளங்கும்.

முன்வரலாறு

ஐ.இ.இ.இ.க்கு இரண்டு தாய்க் கழகங்கள் உண்டு. முதலாவது, 1884-இல் தோன்றிய அமெரிக்க மின்பொறியாளர் கழகம். தந்தியும் மின்விளக்கும் புதுத் தொழில்களாக இருந்த காலம் அது. கழகத்தின் முதல் தலைவரான நார்வின் கிரீன், வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனத்தின் தலைவராகவும் இருந்தார். இரண்டாவது, 1912-இல் தொடங்கிய வானொலிப் பொறியாளர் கழகம். இதன் பெயரில் 'அமெரிக்க' என்ற சொல்லை வேண்டுமென்றே சேர்க்காமல் விட்டார்கள். வானொலி அலை எந்த நாட்டு எல்லையிலும் நிற்பதில்லை, அதைப் பற்றிய கழகமும் நிற்கக் கூடாது என்பது அவர்கள் எண்ணம்.

இவ்விரண்டும் 1963 ஜனவரி 1 அன்று இணைந்து ஐ.இ.இ.இ. ஆயின. அன்று உறுப்பினர் தொகை சுமார் 1,50,000. அவர்களில் 1,40,000 பேர் அமெரிக்காவில் இருந்தார்கள். கொள்கையில் உலகக் கழகம், ஆள்கணக்கில் அமெரிக்கக் கழகம் என்ற இந்த முரண் பின்னர் வந்த எல்லா அமைப்பு மாற்றங்களிலும் தலைகாட்டியது. உலகை 10 மண்டலங்களாகப் பிரித்தபோது 6 மண்டலங்கள் அமெரிக்காவுக்குள்ளேயே அமைந்தன. கனடா 7-ஆவது. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்காசியா சேர்ந்து 8-ஆவது. இலத்தீன் அமெரிக்கா 9-ஆவது. சப்பான் முதல் பாகிசுத்தான் வரை, தெற்கே நியூசிலாந்து வரை மீதமிருந்த பெரும்பரப்பு 10-ஆவது. ஒவ்வொரு மண்டலத்துக்கும் இயக்குநர் குழுவில் ஓர் இடம் என்பது விதி. எனவே அமெரிக்க மண்டலங்களுக்கு 6 இடமும் ஆசிய-பசிபிக் முழுமைக்கும் ஓர் இடமும் என நெடுங்காலம் நடந்தது.

இந்தியாவில் ஏற்கெனவே இருந்தவை

மன்றம் வெற்றிடத்தில் பிறக்கவில்லை. இந்தியப் பொறியாளர் நிறுவனம் 1920-இல் சென்னையில் பதிவு செய்யப்பட்டு, 1935-இல் அரச சாசனம் பெற்றது. அது நடத்தும் ஏ.எம்.ஐ.இ. தேர்வை எழுதித் தேறிப் பொறியாளராகப் பணி உயர்ந்த டிப்ளமோக்காரர்கள் பலர். தொலைத்தொடர்புப் பொறியாளருக்கென 1953-இல் தனி நிறுவனம் வந்தது. இவை இந்தியச் சட்டப்படி அமைந்தவை, ரூபாயில் சந்தா வாங்குபவை.

அப்படியிருக்க வெளிநாட்டுக் கழகத்தில் சேரக் காரணம் என்ன? பெரும்பாலும் ஆய்விதழ்கள்தாம். புதிய குறைக்கடத்தி ஆய்வையோ மின்கட்டமைப்புக் கணக்கீட்டையோ உடனுக்குடன் அறிய ஐ.இ.இ.இ. இதழ்களே முதன்மை வழி. உறுப்பினருக்கு அவை குறைந்த விலையில் கிடைத்தன. ஆனால் சந்தாவை டாலரில் கட்ட வேண்டும். 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில் வெளிநாட்டுக்குச் சிறு தொகை அனுப்புவதும் ரிசர்வ் வங்கியின் விதிகளுக்கு உட்பட்டது. மும்பை, பெங்களூரு, கொல்கத்தா, தில்லி, சென்னை என்று தனித்தனியே இயங்கினால் ஒரே வேலையை ஒவ்வோர் ஊரும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிவரும். பிரிவுகளின் வேலை இரட்டிப்பதைத் தவிர்ப்பதும், அவை ஒன்றின் வளத்தை மற்றொன்று பயன்படுத்த உதவுவதுமே மன்றத்தின் நோக்கமாக வகுக்கப்பட்டது. பார்க்க எளிய நோக்கம். கூட்டம், கடிதம், ட்ரங்க் கால் என்ற அளவில் தொடர்பு இருந்த நாட்களில் அது எளிதன்று.

அமெரிக்கா போன வேறு வழி

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்க உறுப்பினர்கள் வேறொரு வழியில் போனார்கள். 1970-களின் தொடக்கத்தில் விண்வெளி, பாதுகாப்புத் துறைகளின் செலவு வெட்டப்பட்டதால் பொறியாளர் பலர் வேலை இழந்தனர். ஆய்விதழ் வெளியிடுவது மட்டும்தானா கழகத்தின் வேலை, எங்கள் பிழைப்பைப் பற்றிப் பேசாதா என்ற கேள்வி எழுந்தது. 1972-இல் வாக்கெடுப்பு மூலம் கழக யாப்பு திருத்தப்பட்டு, தொழில்நுட்பம் சாராத தொழில்நலப் பணிகளுக்கும் இடம் கிடைத்தது. மறு ஆண்டே அமெரிக்கச் செயற்பாடுகளுக்கான குழு அமைந்தது. ஐ.இ.இ.இ.-யூ.எஸ்.ஏ. என்னும் இன்றைய அமைப்பு அதன் வழி வந்ததே. அமெரிக்க உறுப்பினர்கள் இதற்காகத் தனிக் கட்டணம் செலுத்துகிறார்கள். ஓய்வூதியம், வேலை விசா, காப்புரிமை போன்றவற்றில் அது அரசிடம் வாதாடுகிறது.

இந்திய மன்றம் அந்த வழியில் வளரவில்லை. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் உள்ளது போன்ற, நாடு தழுவிய சட்டப்படியான பதிவு மன்றம் இந்தியாவில் பொறியாளருக்கு இல்லை. அந்த இடம் காலியாக இருந்தும் இந்திய மன்றத்தால் அதை நிரப்ப முடியாது. பிரிவுகளின் ஒத்துழைப்பை நம்பி இயங்கும் தன்னார்வ அமைப்பு அது. வாதாடும் அமைப்புக்கு வேண்டிய நேரடி உறுப்பினரும் நிலையான வருவாயும் அதற்கு இல்லை. குறை சொல்வதானால் 1976-இல் தேர்ந்த வடிவத்தைத்தான் சொல்ல வேண்டும், பின்னால் பொறுப்பேற்றவர்களை அல்ல.

மாநாடுகள்

மன்றத்தின் பெயர் வெளியே தெரிந்தது ஆண்டு மாநாட்டால். முதலில் 'ஏ.சி.இ.' என்ற சுருக்கப் பெயரில் ஆண்டுக் கூட்டமும் கண்காட்சியும் நடந்துவந்தன. 2004-இல் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் இது 'இண்டிகான்' என்ற பெயரில் ஆய்வு மாநாடாக மாறியது. அடுத்த ஆண்டு சென்னையில் நடந்தது. பின்னர் ஊர் ஊராகச் சுற்றிவருகிறது. 10-ஆம் மண்டலத்தின் 'டென்கான்' மாநாடும் 1989-இல் மும்பை, 1991-இல் தில்லி, 2003-இல் பெங்களூரு, 2019-இல் கொச்சி என இந்தியாவுக்கு வந்தது. வெளிநாட்டுப் பயணத்துக்கு வழியில்லாத ஆய்வு மாணவருக்கு இண்டிகான் பெரிய வாய்ப்பு. ரயில் ஏறிப் போய் வாசித்த கட்டுரை கழகத்தின் மின்னூலகத்தில் இடம்பெற்று, எந்த நாட்டவர் தேடினாலும் கிடைக்கும்.

உறுப்பினர் பெருக்கமும் இடப் பங்கீடும்

1980-களின் நடுவில் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரப்பட்டது. பிற மாநிலங்களிலும் கல்லூரிகள் பெருகின. கல்லூரிதோறும் மாணவர் கிளைகள் தோன்றி, அமெரிக்காவுக்கு அடுத்து அதிக உறுப்பினரைக் கொண்ட நாடாக இந்தியா ஆனது.

2016-இல் இயக்குநர் குழுவின் அமைப்பை மாற்ற ஒரு யாப்புத் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. 31 பேர் கொண்ட குழு பெரிது, முடிவெடுக்கத் தாமதமாகிறது என்றார்கள் ஆதரித்தவர்கள். மண்டல இயக்குநர்களுக்கு இருந்த உறுதியான இடம் போய்விடும் என்றார்கள் எதிர்த்தவர்கள். அமெரிக்காவுக்கு 6 இடத்தைப் பற்றிய கவலை. ஆசியாவுக்கோ இருக்கும் ஒரே இடத்தைப் பற்றிய கவலை. தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்குக் கிடைக்காமல் திருத்தம் தோற்றது.

இந்திய உறுப்பினர்களில் பெரும்பகுதியினர் மாணவர்கள். மாணவர் சந்தா குறைவு. படிப்பு முடிந்ததும் டாலர் கணக்கில் தொழில்முறைச் சந்தா தொடங்குகிறது. வருவாய் குறைந்த நாடுகளுக்கென இதழ்களை மின்வடிவில் மட்டும் தரும் மலிவான உறுப்பினர் முறையைக் கழகம் பின்னர் கொண்டுவந்தது. அப்படியிருந்தும் பட்டம் வாங்கிய கையோடு பலர் விலகிவிடுகிறார்கள். பிரிவுகளின் பொறுப்பாளர்கள் ஆண்டுதோறும் புதிய முதலாண்டு மாணவர்களிடம் விண்ணப்பத்துடன் போகிறார்கள்.