புதிர்த்துண்டுக்குள் ஒரு குழந்தை

1963-ல் லண்டனில் ஒரு சிறிய சங்கத்துக்குச் சின்னம் தேவைப்பட்டது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் சிலர் கூடி முந்தைய ஆண்டுதான் அதைத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பலரை எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. தாய் பாசம் காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆகிவிட்டது என்று மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பழியைச் சுமந்துகொண்டே பள்ளிக்கூடமும் கட்ட வேண்டும். அதற்குப் பணம் திரட்ட வேண்டும். நிர்வாகக் குழுவில் இருந்த ஜெரால்ட் காசன் என்ற தந்தை வரைந்து கொடுத்ததைக் குழு ஏற்றுக்கொண்டது. ஒரே ஒரு ஜிக்சா புதிர்த்துண்டு, அதற்குள் அழுகிற குழந்தையின் உருவம். வேறு எந்த அறக்கட்டளையின் படத்தைப் போலவும் அது இல்லை என்பது அவர்களுக்குப் பிடித்திருந்தது.

அந்த அழுகையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தையின் முகத்தில் வெளியே தெரியும்படி எதுவும் இருப்பதில்லை. உண்டியலில் காசு போட வருகிறவருக்கு ஏதாவது தெரிந்தாக வேண்டும். அதனால்தான் கண்ணீர் வந்தது என்று நினைக்கிறேன். காசனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சின்னம் பிறந்தபோதே ஒன்று முடிவாகிவிட்டது: அது நன்கொடை தருபவரின் கண்ணுக்காக வரையப்பட்டது. உள்ளே இருக்கும் குழந்தை வளர்ந்து ஒருநாள் அதைத் திரும்பிப் பார்க்கும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பிறகு துண்டு அட்லாண்டிக்கைக் கடந்தது. தாய்மார்களின் மீது போட்ட பழியை 1964-ல் தன் நூலில் உடைத்தவர் பெர்னார்ட் ரிம்லண்ட். உளவியலாளர், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை. அவர் 1965-ல் தொடங்கிய அமெரிக்கப் பெற்றோர் சங்கம் 1999-ல் பல வண்ணப் புதிர்த்துண்டுகள் நிறைந்த ரிப்பனைத் தன் அடையாளமாக்கியது. 2005-ல், என்பிசி தொலைக்காட்சி நிறுவனத்தின் தலைவராக இருந்த பாப் ரைட்டும் மனைவி சூசனும், பேரனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு, ‘ஆட்டிசம் ஸ்பீக்ஸ்’ அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் சின்னம் நீல நிறத்தில் ஒற்றைத் துண்டு. பணமும் ஊடக பலமும் சேர்ந்ததால் நீலத் துண்டு உலகம் முழுக்கப் போய்ச்சேர்ந்தது. நம் ஊர்ச் சிறப்புப் பள்ளிகள், தெரபி மையங்களின் பெயர்ப்பலகைகளில்கூட அதைப் பார்க்கலாம்.

இதற்கிடையில் குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள். 1993-ல் டொராண்டோவில் பெற்றோர் நிறைந்த ஒரு மாநாட்டில் ஜிம் சின்க்ளேர் பேசினார். அவரே ஆட்டிசம் உள்ளவர். எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள், நீங்கள் எதிர்பார்த்த குழந்தை வரவில்லை என்ற வருத்தத்தை வந்திருக்கும் குழந்தையின் மேல் ஏற்றாதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். இத்தனை ஆண்டுகளில் இந்த விவாதத்தில் சொல்லப்பட்டவற்றில் இதைவிட முக்கியமானது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

2007 டிசம்பரில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் மனநல மையம் ஒரு விளம்பர வரிசையை வெளியிட்டது. கடத்தல்காரன் அனுப்பும் மிரட்டல் கடிதம் போலவே அச்சிட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நோயின் பெயர். அவற்றில் ஒன்று ஆட்டிசம். ஆட்டிசம் உள்ளவர்களே நடத்தும் ஓர் அமைப்பு அதற்கு முந்தைய ஆண்டு உருவாகியிருந்தது. அதை நடத்தியவர் ஆரி நீமன் என்ற இளைஞர். எதிர்ப்புக் கடிதத்தில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட, அந்த மாதமே விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. 2009-ல் ஆட்டிசம் ஸ்பீக்ஸ் வெளியிட்ட வீடியோவில் ஆட்டிசமே ஒரு வில்லன் குரலில் பேசியது: உங்கள் திருமணத்தைக் கெடுப்பேன், உங்களைத் திவாலாக்குவேன் என்று. பெற்றோரிலும் பலர் அதற்குக் கொதித்தார்கள். அந்த அமைப்பின் அறிவியல் குழுவில் இருந்த ஆட்டிசம் உள்ள எழுத்தாளர் ஜான் எல்டர் ராபிசன் 2013-ல் விலகினார். 2016-ல் ‘குணப்படுத்துதல்’ என்ற இலக்கு அதன் கொள்கை அறிக்கையிலிருந்து நீக்கப்பட்டது. சின்னம் மட்டும் போகவில்லை. 2020-ல் அது பல வண்ணமானது, அவ்வளவுதான்.

எதிர்த்தவர்கள் வானவில் நிறத்தில் முடிவிலிக் குறியை எடுத்துக்கொண்டார்கள். எங்களிடம் எந்தத் துண்டும் குறையவில்லை, எங்களை அவிழ்க்க வேண்டாம் என்பது அதன் பொருள். அதற்கும் மறுப்பு எழுந்தது. இருபது வயதிலும் பேச்சு வராத, சுவரில் தலையை மோதிக்கொள்ளும் மகனை இரவெல்லாம் காக்கும் தாய்க்கு, அந்த வானவில் தன் வீட்டைச் சேர்ந்ததாகத் தெரிவதில்லை. மேடையில் பேச முடிந்தவர்கள் பேச முடியாதவர்களுக்கும் சேர்த்துப் பேசுகிறார்கள் என்பது இத்தகைய பெற்றோரின் மனக்குறை. 2021-ல் லான்செட் ஆணையம் அந்த மகனைப் போன்றவர்களுக்கென ‘ஆழ்ந்த ஆட்டிசம்’ என்று தனிப் பெயர் முன்வைத்தது. பெற்றோர் பலர் வரவேற்றார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் பலர், இது எங்களை இரண்டாகப் பிரிக்கும் என்றார்கள். இரவு விழித்திருக்கும் அந்தத் தாய்க்கு உதவியாள் வேண்டும், ஓய்வு வேண்டும், தனக்குப் பின் மகனை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு அரசிடமிருந்து பதில் வேண்டும். ஆனால் அந்த நியாயமான தேவைக்காக மகனை வில்லனிடம் மாட்டிய பிணைக்கைதியாகக் காட்ட வேண்டியதே இல்லை. புதிர்த்துண்டு ஓய்வுபெற வேண்டும் என்ற பக்கம்தான் நான்.

ஆட்டிசம் பற்றிய முக்கிய ஆய்விதழ் ஒன்றும் 2018-ல் தன் அட்டையிலிருந்து துண்டை எடுத்துவிட்டது. அந்த இதழிலேயே வந்த ஆய்வில் 400 பேரிடம் புதிர்த்துண்டுப் படங்களைக் காட்டினார்கள். முழுமையின்மை, குறைபாடு போன்றவற்றோடுதான் அவர்கள் மனம் அதை இணைத்தது. அந்த 400 பேரும் பொதுமக்கள். சின்னத்துக்கு உரியவர்களிடமும் கேட்க வேண்டாமா? பேச்சில்லாத இளைஞனிடம் எந்தச் சின்னம் வேண்டும் என்ற கேள்வியைக் கொண்டுபோக வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பட அட்டையை எடுத்துக் கொடுத்து வேண்டியதைக் கேட்கும் முறை 1985-லேயே அமெரிக்காவின் டெலவேரில் உருவாகி, இன்று பல நாடுகளின் வகுப்பறைகளில் இருக்கிறது. அந்த அட்டைகளைக் கொண்டு பிள்ளைகள் தினமும் தின்பண்டத்தையும் விளையாட்டுப் பொருளையும் தேர்ந்தெடுக்கிறார்கள். தன் பெயரால் ஒட்டப்படும் படத்தைத் தேர்ந்தெடுக்கும் அட்டைகளையும் அதே மேசையில் வைக்கலாம்.